ரோமாபுரியில் ஒற்றைக் காலில்

நாலாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். கடலைத் தாண்டி ரோமாபுரியைப் பார்த்தவனும் நான்தான். எங்கள் கொடைக்கானல் மேல்மலையில் பூண்டு போட்டு, பூண்டு விற்று, சொந்தக் காசில் விமானம் ஏறிய ஆள் வேறு யாரும் இல்லை. (இருந்தால் வந்து சொல்லட்டும்.) அந்த ஊர்ப் போலீஸ் முன்னால் கையைத் தூக்கி நின்றவனும் வேறு யாரும் இல்லை.

சும்மா போகவில்லை. என் மகளும் நாயுடுபுரம் ஆரோக்கியசாமி மகன் ஜெரால்டும் விரும்பினார்கள். பையனுக்கு ரோமில் ஓட்டல் வேலை. நான் சரியென்றுவிட்டேன். லாட்ஜ் நடத்தும் ஆரோக்கியசாமிதான், "வேற சாமி கும்பிடுற வீடு, பார்ப்போம்" என்று இழுத்துக்கொண்டிருந்தார். "ரெண்டு பேரும் இங்க வாங்க, பழகிப் பாருங்க" என்று எங்கள் இருவரையும் பையன் கூப்பிட்டான். அவர் வாயிலிருந்து 'சம்பந்தி' என்ற சொல்லை வாங்காமல் திரும்ப மலை ஏறுவதில்லை என்று கிளம்பினேன்.

ஊர் என்றால் அது ஊர்! எங்கள் பக்கம் ஒரு மழைக்கே வயல் ஓரக் கல்லுக்கட்டு சரிந்து கெடக்கும். கொலோசியமோ ரெண்டாயிரம் வருஷமாக நிற்கிறது. ஒவ்வொரு வளைவையும் தட்டிப் பார்த்தேன்.

"தொடாதீங்க அங்கிள்" என்றான் ஜெரால்டு.

கல்லுக்கட்டு வைத்த கை, சும்மா இருக்குமா?

மறுநாள் ஒரு பெரிய வட்டக் கோயில். முன்காலத்தில் வேறு தெய்வங்களுக்குக் கட்டியதாம், இப்போது மாதா கோயிலாம். வாசலில் ஆலமரப் பருமனில் தூண்கள். நான் என் புது ஷூவைக் கழற்றினேன்.

"இங்க யாரும் கழட்டுறதில்லைங்க" என்றார் ஆரோக்கியசாமி.

"உங்க கொடைக்கானல் கோயில்ல?"

"அங்க வெளியதான் விடுவோம்."

"அதே மாதா இந்த ஊருக்கு வந்ததும் மாறிட்டாங்களா? வேற சாமி கும்பிடுற நானே கழட்டிட்டேன். நீங்க எப்படிங்க?"

மனுஷர் முகம் சுருங்கியது. குனிந்து தன் ஷூவையும் கழற்றினார். இரண்டு ஜோடியையும் என் மஞ்சப்பையில் திணித்து, தூணுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். (களவாணிப் பயல்கள் எந்த ஊரிலும் உண்டு.)

உள்ளே போனேன், திறந்த வாய் மூடவில்லை. நடுவில் ஒரு தூண்கூட இல்லாத கூரை. உச்சியில் பெரிய வட்ட ஓட்டை, அது வழியே மழைச் சாரல். எங்கள் ஊர்க் கொத்தனார் இப்படி விட்டிருந்தால் விரட்டியிருப்பேன். இங்கேயோ விழுந்த தண்ணீர் தரையிலிருக்கும் துளைகளில் தானாக இறங்கிவிடுகிறது. அந்த ஈரத்தில் வெறுங்காலோடு நின்றேன். உடம்பு சிலிர்த்தது. (குளிரும்தான்.)

வெளியே வந்தால், தூணைச் சுற்றி நாடா கட்டியிருந்தது. துப்பாக்கியோடு போலீஸ் ஜனத்தை விலக்கிக்கொண்டிருந்தது. நடுவில் என் மஞ்சப்பை.

"ஐயய்யோ, வெடிகுண்டுன்னு நினைச்சுட்டாங்க!" என்றான் ஜெரால்டு.

மோப்ப நாய் பையருகே போய் ஒரு தும்மல் போட்டது. (ஷூ புதுசுதான், கால்தான் பழசு.)

"சாமி, அது என் செருப்பு!" என்று நாடாவுக்குள் கால் வைத்தேன். ஒரே அதட்டல்! கை தானாக மேலே போனது. பாஷை தெரியாதே, ஒரு காலைத் தூக்கி வெறும் பாதத்தைக் காட்டினேன். பக்கத்தில் பார்த்தால் ஆரோக்கியசாமியும் கையைத் தூக்கிக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கிறார்! ஜெரால்டு ஓடிப் போய் அவர்கள் பாஷையில் விளக்கினான். போலீஸ்காரர் பையைப் பிரித்தார். எங்கள் பாதங்களைப் பார்த்தார். பிறகு தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

எதிரே நீரூற்றுப் படியில் உட்கார்ந்து ஷூ மாட்டினோம். ஆரோக்கியசாமி என் பக்கம் திரும்பாமலே லேஸை இழுத்து இறுக்கினார். போச்சு, மகள் வாழ்க்கையை நானே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"எங்க கோயிலுக்குன்னு உங்கள யாருங்க கழட்டச் சொன்னது?" என்றார் கடைசியில்.

"ஒரு மரியாதைதானுங்க."

"உங்க மரியாதை ரெண்டு பேரையும் ஜெயில்ல வச்சிருக்கும்." எழுந்து கோட்டைத் தட்டினார். "வெரசா கிளம்புங்க சம்பந்தி, பசிக்குது."

வத்தலக்குண்டு மண்டபத்தில் கல்யாணம். வாசல் ஃப்ளெக்ஸில் பொண்ணும் மாப்பிள்ளையும் ஓரமாக, சின்னதாக. நடுவில் பனைமர உயரத்துக்கு நானும் சம்பந்தியும், ஒற்றைக் காலில். கூட்டத்தில் யாரோ எடுத்த படத்தை ஜெரால்டு வாங்கி வைத்திருக்கிறான், பாவிப் பயல்! இன்றைக்கும் எங்கள் வாசலில் யார் செருப்பை விட்டாலும், உள்ளேயிருந்து என் சம்சாரம் குரல் கொடுக்கிறாள்: "போலீசுக்குச் சொல்லிட்டுத்தான விட்டீங்க?"