வால்வு மூடி வாங்கிப் பெண் கேட்ட கதை

சைக்கிள் டயரில் காற்றடிக்கும் இடத்தில், சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு கறுப்பு மூடி இருக்கும். அது தொலைந்துபோனாலும் சைக்கிள் ஓடும். தொலைந்ததே பலருக்குத் தெரியாது. உலகத்தில் பெரும்பாலானவர்கள் அந்த மூடியைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் பிறந்து, வளர்ந்து, கல்யாணம் செய்துகொண்டு நிம்மதியாக வாழ்கிறார்கள். எனக்கு மட்டும் அந்த மூடி வழியாகத்தான் கல்யாணம் நடக்க வேண்டும் என்று இருந்திருக்கிறது.

அப்போது நான் பொழிச்சலூரில் அப்பா அம்மாவோடு இருந்தேன். என்னோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்த ஜெனிபருக்கு வீடு மேற்குத் தாம்பரம். நாங்கள் கல்யாணம் செய்துகொள்வதென்று முடிவெடுத்துவிட்டோம். எங்கள் இரண்டு பேரைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது என்பதுதான் பாக்கி இருந்த ஒரே சிக்கல். நான் கோயில், அவள் சர்ச். வீட்டில் எப்படிச் சொல்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

ஜெனிதான் வழி சொன்னாள்.

"எங்கப்பாவுக்கு மனுஷங்களைச் சட்டுனு பிடிக்காது முரளி. ஆனா சைக்கிள் ஓட்டறவங்களைப் பிடிக்கும். ஞாயித்துக்கிழமை காலைல முடிச்சூர் ரோடு வழியா மணிமங்கலம் வரைக்கும் போவாரு. நீ யாரோ மாதிரி போய் ஃப்ரெண்ட் ஆயிடு. அப்புறம் நான் பாத்துக்கறேன்."

(காதலுக்காக மலையை உடைத்தவர்கள் உண்டாம். எனக்குக் கிடைத்தது மணிமங்கலம் வரை மிதிக்கிற வேலை.)

பள்ளிக்கூடத்துக்குப் பிறகு நான் சைக்கிளைத் தொட்டதில்லை. கியர் வைத்த பழைய வண்டி ஒன்றை வாங்கினேன். முதல் ஞாயிறே முடிச்சூர் தாண்டி அவரைப் பிடித்துவிட்டேன். பிடித்தேன் என்றால், அவர் ஓரமாக நின்று தண்ணீர் குடிக்கும்போது நான் மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

செல்வராஜ் சார் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆறடி உயரம். பேசினால் அடுத்த தெருவில் பாத்திரம் அதிரும். சர்ச் பாடகர் குழுவில் அவருடைய அடிக்குரல் இல்லாமல் எந்தப் பண்டிகையும் நடக்காது என்று ஜெனி சொல்லியிருந்தாள். ஆனால் அவள் சொல்லாமல் விட்டது ஒன்று, அவருடைய சைக்கிள். இரண்டு கண்ணாடி, மூன்று விதமான மணி, முன்னால் விளக்கு, பின்னால் விளக்கு, பாட்டில் மாட்ட ஒன்று, பாட்டில் மாட்டுவதன்மேல் பை மாட்ட இன்னொன்று. திருவிழாவுக்குப் புறப்பட்ட தேர் மாதிரி இருந்தது.

அன்றே எனக்குப் புரிந்துவிட்டது: இவர் மனதுக்குள் போக நான் நன்றாக மிதிக்க வேண்டியதில்லை. நல்ல சாமான் வாங்கினால் போதும்.

பெரிய சாமான் எல்லாம் அவரிடம் ஏற்கெனவே இருந்ததால், நான் வால்வில் கைவைத்தேன். ஒல்லி வால்வைத் தடிமனாக்க ஒரு பித்தளைத் துண்டு வாங்கினேன். (என் சைக்கிளில் இருந்ததே தடி வால்வுதான். அது பார்சலைப் பிரித்த பிறகு தெரிந்தது.) நீல நிற அலுமினிய மூடி வாங்கினேன். சக்கரம் சுற்றும்போது தானாக எரியும் விளக்கு மூடி வாங்கினேன். அதை மாட்டிக்கொண்டு விடியற்காலையில் பம்மல் வழியாக வந்தபோது, சுற்றுகிற பச்சை வெளிச்சத்தைப் பார்த்து அந்த வட்டாரத்து நாய்கள் எல்லாம் ஒன்று சேர்ந்து என்னை வழியனுப்ப வந்தன. என் வாழ்நாளிலேயே வேகமாக சைக்கிள் ஓட்டியது அன்றுதான்.

கடைசியாக வந்ததுதான் காற்று காட்டும் மூடி. அதன் தலையில் சின்னக் கண்ணாடி. டயரில் காற்று சரியாக இருந்தால் பச்சை தெரியும், குறைந்தால் மஞ்சள், இன்னும் குறைந்தால் சிவப்பு. ஒரு பெட்டியில் நாலு. எனக்கு இரண்டு, வருங்கால மாமனாருக்கு இரண்டு. இதைவிடப் பொருத்தமான சீர் உண்டா?

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை, விளைச்சலுக்கு நன்றி சொல்லும் நாள். ஒன்பது மணிக்கு ஆராதனை. அதற்குள் திரும்பிவிடலாம் என்று சார் வழக்கம்போல வந்திருந்தார். மணிமங்கலம் டீக்கடையில் பெட்டியை எடுத்து நீட்டினேன்.

அவர் ஒரு மூடியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். முகம் குழந்தை மாதிரி மலர்ந்தது. உடனே வாடியது.

"வீட்ல தடை உத்தரவு இருக்கு தம்பி. இனிமே சைக்கிளுக்குன்னு ஒரு பார்சல் வந்தாலும் வண்டியைக் காயலான் கடைல போட்டுடுவேன்னு மிஸஸ் சொல்லிட்டாங்க."

"இது நீங்க வாங்கினது இல்லையே சார். நான் குடுக்கறது."

அவர் கொஞ்சம் யோசித்தார். "கரெக்ட்டுதான் இல்ல?" என்றார். டீ ஆறுவதற்குள் இரண்டு சைக்கிளிலும் நாலு மூடிகளையும் திருகிவிட்டோம். நாலிலும் பச்சை. இரண்டு பேரும் குனிந்து நின்று, தொட்டிலில் கிடக்கும் குழந்தையைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். டீக்கடைக்காரர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளம்பிக் கொஞ்ச தூரத்தில் சைக்கிள் கனத்தது. எனக்கு எப்போதும் கனக்கும் என்பதால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்கும் கனத்ததும்தான் இறங்கிப் பார்த்தோம். நாலும் மஞ்சள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று சிவப்புக்குப் போனது. விஷயம் இதுதான்: காற்றை அளக்க வேண்டுமானால் அந்த மூடி வால்வுக்குள் இருக்கும் ஊசியை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். மூடி சரியாக உட்காராவிட்டால் காற்று அந்த வழியாகவே கசிந்துவிடும். அந்த மூடி பொய் சொல்லவில்லை. காற்று இறங்குகிறது என்பதை மிகச் சரியாகக் காட்டியது. இறக்குவது யார் என்பதை மட்டும் காட்டவில்லை.

"கழட்டிட்டுக் காத்து அடிச்சிடலாம் சார்" என்றேன். என்னிடம் கைப்பம்பு இருந்தது. முன்சக்கர மூடிகள் கழன்றன. பின்சக்கர மூடிகள் இரண்டும் அசையவில்லை. டீக்கடையில் உற்சாகத்தில் கோணலாக முறுக்கித் தள்ளியிருந்தோம். சார் தன் பையிலிருந்து ஒரு குறடை எடுத்தார்.

"மொதல்ல உங்க வண்டில பாத்துடலாம்" என்று பிடித்து ஒரு திருகு திருகினார். மூடி வரவில்லை. வால்வே சேர்ந்து சுற்றியது. 'ப்ஸ்' என்றது. டியூப்போடு சேரும் இடத்தில் கிழிந்துவிட்டது.

"ரொம்ப ஃபோர்ஸ் குடுத்துட்டேன். என் வண்டில நிதானமா பண்றேன்" என்றார். நிதானமாகப் பண்ணினார். நிதானமாகக் கிழிந்தது.

"மாத்து டியூப் வச்சிருக்கீங்களா தம்பி?"

என் பையில் பித்தளைத் துண்டு இருந்தது. நீல மூடி இருந்தது. விளக்கு மூடி இருந்தது, அது வேறு எரிந்துகொண்டிருந்தது. டியூப் இல்லை.

"சரி, உங்க போனைக் குடுங்க. நான் எடுத்துட்டு வரல. பொண்ணுக்குப் பேசிடறேன்."

அவர் எண்ணைத் தட்டத் தொடங்கினாலே என் திரையில் 'ஜெனி குட்டி' என்று பேரும் அதற்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு இதயமும் வரும். பைக்குள் கையை விட்டு, போனை அணைத்து, வெளியே எடுத்து நீட்டினேன். "சார்ஜ் இல்ல சார்." (இப்படியாக, வாடகை வண்டி கூப்பிடும் வழியையும் நானே அடைத்தேன்.)

சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். ஞாயிறு காலை என்பதால் வழியில் ஒரு சைக்கிள் கடையும் திறந்திருக்கவில்லை. ஷேர் ஆட்டோக்கள் எங்களைப் பார்த்ததும் வேகம் எடுத்தன. சைக்கிளை எங்காவது விட்டுவிட்டுப் போகலாம் என்றேன். பிள்ளையை விட்டுவிட்டு வரச் சொன்னவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். வெயில் ஏறியது. சார் மெல்லிய குரலில் அன்றைய கீர்த்தனையைப் பாடிப் பார்த்துக்கொண்டே நடந்தார். அதைக் கேட்க எனக்கு அழுகை வந்தது.

பின்னால் ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், பஞ்சரா? ரெண்டு வண்டியுமேவா?"

"தாம்பரம் போறியாப்பா?"

"போறேன். ஆனா இன்னா வண்டினு பாத்துட்டு ஏறு சார். அப்பால என்னைத் திட்டக்கூடாது."

பார்த்தோம். பக்கவாட்டில் 'அமரர் ஊர்தி' என்று எழுதியிருந்தது. பின் கதவில் பாதி வாடிய ரோஜா மாலை தொங்கியது.

"காலியா?" என்றார் சார்.

"இப்பதான் எறக்கிட்டு வந்துகினு கீறேன். காலிதான்."

நான் சாரைப் பார்த்தேன். சார் நேரம் பார்த்தார். "ஏத்துங்க தம்பி" என்றார்.

பக்கவாட்டு இருக்கைகளைச் சைக்கிள்கள் அடைத்துக்கொண்டன. நான் முன்னால் டிரைவர் பக்கத்தில். மிச்சம் இருந்தது நடுவில் இருந்த மேடை மட்டும். செல்வராஜ் சார் அதில் நீட்டி நிமிர்ந்து படுத்தார். ரயில்வேக்காரர் என்பதால் ஓடுகிற வண்டியில் படுத்த உடனே தூக்கம் வந்துவிட்டது போல.

டிரைவர் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார். "நீதான் சார் மொத ஆளு, என் வண்டில ஏறிப் பேச்சு குடுக்கறது. வர்றவன்லாம் அழுதுகினு வருவான், இல்லாட்டி கம்முனு கெடப்பான்."

சர்ச் வாசலில் கரும்பு கட்டியிருந்தார்கள். வாழைத்தாரும் பூசணிக்காயும் குவிந்திருந்தன. பட்டுப்புடவையும் புதுச் சட்டையுமாகக் கூட்டம் வெளியே நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது. சாரைத்தான் தேடினார்கள் என்று பிறகு தெரிந்தது. டிரைவர் பழக்க தோஷத்தில் வேகத்தைக் குறைத்து, இண்டிகேட்டரைப் போட்டு, மரியாதையாக ஊர்ந்துபோய் நிறுத்தினார். கூட்டம் பேச்சை நிறுத்தியது. இறங்கிப் பின்கதவை அகலத் திறந்தார்.

உள்ளே இரண்டு சைக்கிள்களுக்கு நடுவே செல்வராஜ் சார், கைகளை மார்பில் வைத்து, கண்மூடிப் படுத்திருந்தார். வந்த குலுக்கலில் ரோஜா இதழ்கள் அவர்மேல் உதிர்ந்திருந்தன.

அவர் மனைவி ரோஸ்லின் ஆன்ட்டி, "ஐயோ, என்னங்க!" என்று அலறியதை நான் சாகும்வரை மறக்க முடியாது. ஒரு அம்மா பூசணிக்காய்க் குவியல்மேல் மயங்கிச் சாய்ந்தார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஜெனி ஓடி வந்தாள். முன்கதவைத் திறந்து இறங்கிய என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"முரளி! அப்பாவுக்கு என்ன ஆச்சு? சொல்லு முரளி! உன்னை நம்பித்தானே அனுப்பினேன்!"

சத்தத்தில் சார் விழித்து எழுந்து உட்கார்ந்தார். மயங்காமல் மிச்சம் இருந்தவர்கள் இரண்டடி பின்னால் போனார்கள்.

"மணி ஒம்பதாயிடுச்சா?" என்றார். பிறகு மகளைப் பார்த்தார். என் சட்டையில் இருந்த அவள் கையைப் பார்த்தார். "ஏம்மா, இவர் பேரு உனக்கு எப்படித் தெரியும்?"

ஜெனி சட்டென்று என் சட்டையை விட்டாள்.

அவள் பதில் சொல்லும் முன் ரோஸ்லின் ஆன்ட்டி முந்திக்கொண்டார். அழுகை அப்படியே கோபமாகியிருந்தது. சைக்கிளை ஒரு பார்வை பார்த்தார். "டயர்ல என்ன அது? மறுபடியும் ஏதோ வாங்கிப் போட்டு நோண்டினீங்களா? இதை யாரு கெடுத்தது?"

செல்வராஜ் சார் என்னைப் பார்த்தார். ஆறடி மனிதர் அந்த மேடைமேல் மூன்றடியாகத் தெரிந்தார்.

"நான்தான் ஆன்ட்டி" என்றேன். "மூடியும் என்னுது. குறடு போட்டுக் கிழிச்சதும் நான்தான்."

போதகர் வந்து, "எல்லாம் அப்புறம் பேசலாம், செல்வராஜ் அண்ணே, பாட்டு ஆரம்பிக்கணும்" என்று இழுத்துக்கொண்டு போனார். ரோஜா இதழோடு சார் பாடினார். அன்று அவர் பாடியதுபோல எப்போதும் பாடியதில்லை என்று இன்றும் சொல்கிறார்கள்.

மதியம் பிரியாணி விருந்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கிழிச்சது நீங்க இல்லையே தம்பி."

"இல்ல சார்."

"அப்புறம் ஏன் சொன்னீங்க?"

"உங்க சைக்கிள் காயலான் கடைக்குப் போயிடுமேன்னு."

என் இலையில் ஒரு கறித்துண்டை எடுத்து வைத்தார். "ஜெனி எல்லாத்தையும் சொன்னா. அடுத்த வாரம் அப்பா அம்மாவைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வாங்க. பஸ்ல வாங்க" என்றார்.

அன்று மாலை வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். பெண் கிறிஸ்தவர் என்றேன். சர்ச் என்றேன். அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, "அந்த வண்டில வந்துட்டுத் தலைக்குக் குளிக்காமலா வீட்டுக்குள்ள வந்தே?" என்றாள். குளித்துவிட்டு வந்தபோது கல்யாணத்தைப் பற்றிய பேச்சு பாதி முடிந்திருந்தது.

இன்றைக்கும் யாராவது, வால்வுக்கு இதெல்லாம் வாங்கலாமா என்று என்னிடம் கேட்கிறார்கள். (ஜெனியின் சொந்தக்காரர்கள் மத்தியில் இந்தத் துறையில் நான்தான் வல்லுநர்.) மண்ணும் சேறும் உள்ளே போகாமல் இருக்கக் கறுப்பு பிளாஸ்டிக் மூடி நல்லது, கைவிரலால் முறுக்கினால் போதும் என்பேன். ஒல்லி வால்வு வைத்திருப்பவர்களுக்குப் பித்தளைத் துண்டு உதவும். வண்ணமும் விளக்கும் உங்கள் இஷ்டம், உங்கள் தெரு நாய்களின் இஷ்டம். காற்று காட்டும் மூடி வேண்டவே வேண்டாம். கட்டைவிரலால் டயரை அழுத்திப் பாருங்கள், அது எதையும் இறக்காது.

போன மாதம் எங்கள் மகளின் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். எல்.கே.ஜி. வகுப்பில், குடும்பத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னார்களாம். ஜெனியும் நானும் போனோம். மிஸ் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். பாப்பா ஏதோ கற்பனையா சொல்றாளோன்னு நெனைச்சோம். தாத்தா செத்துப்போயி வண்டில வந்தாராம். எந்திரிச்சு உக்காந்து அம்மாவை அப்பாவுக்குக் கட்டிக் குடுத்துட்டு, பிரியாணி சாப்பிட்டாராம்."

ஜெனி என்னைப் பார்த்தாள். நான் மிஸ்ஸைப் பார்த்தேன்.

"வரிசை எல்லாம் சரிதான் மிஸ்" என்றேன்.