முட்டையிடாமல் கொக்கரிப்பவர்

முட்டையிட்டுவிட்டு ஊரைக் கூட்டுகிற கோழி ஒன்று. முட்டையிட்டுவிட்டு ஓசைப்படாமல் இரை பொறுக்கப் போகிற கோழி ஒன்று. இந்த இரண்டும் உங்களுக்குத் தெரியும். மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது. அது முட்டையே இடாது, ஆனால் கொக்கரிப்பு மட்டும் விடிந்ததிலிருந்து படுக்கும்வரை ஓயாது. அதற்கும் இரண்டு கால்தான். ஆனால் சட்டை போட்டிருக்கும். அதற்கு நான் வைத்த பெயர் முட்டை உபதேசி.

அவரை எப்படிக் கண்டுபிடிப்பது என்கிறீர்களா? நீங்கள் சிரமப்பட வேண்டாம், அவரே உங்களைக் கண்டுபிடித்துவிடுவார். பேருந்தில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு தும்மல் போடுங்கள், போதும். "காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று திரும்புவார். நீங்கள் எதைச் சொன்னாலும் தலையை மெதுவாக ஆட்டி, "அதான்" என்பார். முடி கொட்டுகிறதா? அதான். மூட்டு வலிக்கிறதா? அதான். மேலாளர் உங்களைப் பார்த்து முறைக்கிறாரா, பிள்ளை கணக்கில் கோட்டைவிட்டானா, பக்கத்து வீட்டு நாய் உங்களை மட்டும் பார்த்துக் குரைக்கிறதா? எல்லாம் அதான். காலையில் ஒரு முட்டை உள்ளே போயிருந்தால் இதெல்லாம் நடந்திருக்குமா?

அவருடைய சித்தாந்தம் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு காலத்தில் மஞ்சள் கரு எமன். அதைத் தொடுகிறவனைப் பரிதாபமாகப் பார்ப்பார். கொஞ்ச நாள் கழித்து மஞ்சள் கருதான் எல்லாம், வெள்ளை வெறும் பஞ்சு. "போன மாசம் வேற மாதிரி சொன்னீங்களே?" என்று கேட்டால் அசரமாட்டார். "அது போன மாசம்."

முட்டை நல்லதுதான். அதில் எனக்குச் சண்டை இல்லை. தினமும் நானும் ஒன்று சாப்பிடுகிறேன். வாயை அதற்கு மட்டும் திறந்தால் போதாதா என்பதுதான் என் கேள்வி.

இந்த இனத்தில் எனக்குக் கிடைத்த அசல் சரக்கு, என் தங்கச்சி புருஷன். லாரிகளுக்குப் பட்டை ஸ்பிரிங் செய்கிற பட்டறையில் அவரும் நானும் ஒன்றாக வேலை செய்கிறோம். நான் பட்டையில் துளை போடுகிறவன். அவர் உலைக்காரர். இரும்பைக் காய்ச்சி, அதன் நிறத்தைப் பார்த்தே சூட்டைச் சொல்லி, சரியான நேரத்தில் குறடால் எடுத்து எண்ணெய்த் தொட்டியில் முக்கிப் பதம் கொடுப்பார். தொழிலில் குறை சொல்ல முடியாது. சாப்பாட்டு மணி அடித்தால்தான் வினை.

டப்பாவைத் திறப்பார். உள்ளே உரித்த முட்டை இரண்டு, பளபளவென்று இருக்கும். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் காட்டித் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பிறகு எங்கள் டப்பாக்களைச் சோதனை போடக் கிளம்புவார்.

"வெல்டரே, உனக்கு என்ன?"

"சோறு."

"சோத்துல சத்து எங்க இருக்கு?"

"இருந்துச்சுண்ணே. வர்ற வழியில சைக்கிள்லேர்ந்து விழுந்திருச்சு."

சிரிப்பு அடங்குவதற்குள் அவர் பாடத்தைத் தொடங்கியிருப்பார். எந்தத் தண்ணீரில் போடுவது, எப்போது தீயைக் குறைப்பது, மஞ்சளைச் சுற்றிப் பச்சை வளையம் விழுந்தால் யார் குற்றம். காலையில் வீட்டிலும் இதே கச்சேரிதான். என் தங்கச்சி ஒரு கையால் சின்னவனுக்குத் தலை வாரிக்கொண்டு, மறு கையால் பால் பொங்காமல் பார்த்துக்கொண்டு நிற்பாள். இவர் பின்னால் நின்று, "இப்ப எடு. இப்ப இல்ல. ம், இப்ப!" என்பார். எடுக்கிற கை அவளுடையது. சூடுபடுகிற விரலும் அவளுடையதுதான்.

அப்படி ஒரு காலையில் அவள் குழாயடியில் தலைசுற்றி விழுந்தாள். நானும் அவரும் பட்டறைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டரம்மா கண் இமையை இழுத்துப் பார்த்தார், ரத்தம் எடுத்தார், முகத்தைச் சுளித்தார்.

"ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்கு. மாத்திரை தர்றேன். ஆனா மாத்திரை மட்டும் போதாது, நல்லா சாப்பிடணும். முட்டை சாப்பிடுவீங்களா?"

என் மாப்பிள்ளை நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "எங்க வீட்டுலயா கேக்கறீங்க? டாக்டரம்மா, எங்க வீட்டுல தினமும் முட்டை! எங்க தெருவுக்கே முட்டையைப் பத்தி எடுத்துச் சொன்னது யாருன்னு நெனைக்கிறீங்க?"

"உங்களைக் கேக்கல. நீங்க சொல்லுங்கம்மா. முட்டை சாப்பிடுவீங்களா?"

தங்கச்சி தரையைப் பார்த்தாள். பிறகு மின்விசிறியைப் பார்த்தாள்.

"வேகவைப்பேன்" என்றாள்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு மாப்பிள்ளை பக்கம் திரும்பினார்.

பிறகுதான் விவரம் வெளியே வந்தது. அவருக்கு இரண்டு, பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்று. வேகும்போது ஏதாவது ஒன்று வெடித்துச் சிதைந்து போனால் அது அவளுக்கு. வெடிக்காத நாளில் அதுவும் இல்லை. அவள் கைப்பக்குவம் நாளாக நாளாக நன்றாகிவிட்டதில், முட்டை வெடிப்பதே நின்றுபோயிருந்தது. நஷ்டம் யாருக்கு?

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் அவர் மெல்ல வாயைத் திறந்தார். "எனக்கும் ஒண்ணு வேணும்னு அவ கேட்டிருக்கலாமே, மச்சான்."

பதிலை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "தெருவுல போறவங்க யாராவது உங்ககிட்ட வந்து கேட்டாங்களா?" என்றாள் தங்கச்சி. "கேக்காமலே அத்தனை பேருக்கும் சொன்னீங்கல்ல? நான் சாப்பிடறேன். ஆனா எனக்கு நானே வேகவைக்க மாட்டேன். நீங்க வேகவைச்சுக் குடுங்க. இல்லாட்டி எனக்கு வேணாம்."

கூடப் பிறந்தவன் சொல்கிறேன், அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். சின்ன வயதில் ஒரு பாவாடை நிறம் பிடிக்கவில்லை என்று காய்ச்சல் வருகிற அளவுக்குப் பட்டினி கிடந்தவள்.

"இவ்வளவுதானே?" என்றார் மாப்பிள்ளை. முட்டையைப் பற்றி இவ்வளவு தெரிந்த மனிதருக்கு இது ஒரு வேலையா?

அன்று சாயங்காலம் சமையலறையில் பாத்திரம் எங்கே என்று தெரியவில்லை. கிடைத்த பாத்திரத்துக்கு மூடி எங்கே என்று தெரியவில்லை. கடைசியில் அடுப்பைப் பற்றவைக்கத் தெரியவில்லை. "உன் அடுப்பே சரியில்ல" என்று அவளிடமே சொல்லிவிட்டு, மறுநாள் முட்டைகளோடு பட்டறைக்கு வந்தார். தனக்குத் தெரிந்த நெருப்பில் பழகிக்கொள்ளப் போகிறாராம்.

முதல் முட்டையைக் கம்பியில் கட்டி உலை வாயில் தொங்கவிட்டார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிறம் பார்த்தார். நாங்கள் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றோம்.

"இன்னும் நிறம் வரலையே" என்றார்.

"மாப்ள, முட்டை சிவக்காது" என்றேன்.

"தொழில் தெரியாம பேசாதீங்க மச்சான்."

முட்டை வெடித்தது. பாதி உத்தரத்தில் ஒட்டியது, மீதி அப்போதுதான் உள்ளே நுழைந்த முதலாளியின் கண்ணாடியில் வழிந்தது. முதலாளி கண்ணாடியைக் கழற்றி விரலால் தொட்டுப் பார்த்தார். "என்னய்யா இது?"

"சத்து, முதலாளி" என்றான் வெல்டர்.

இரண்டாவது முட்டையை டின்னில் தண்ணீர் ஊற்றி ஒழுங்காகத்தான் வேகவைத்தார். ஆறவைக்க வேண்டிய நேரம் வந்தபோது, இத்தனை வருடப் பழக்கம் கையை இழுத்துக்கொண்டு போய்விட்டது. குறடால் எடுத்தார், திரும்பினார், எண்ணெய்த் தொட்டிக்குள் ஒரே முக்கு. கன்னங்கரேல் என்று வெளியே வந்தது. பதம் நன்றாக ஏறியிருந்தது.

அன்றைக்கும் அவள் தட்டில் முட்டை இல்லை. அடுத்த நாளும் இல்லை. அதற்கு அடுத்த நாள் வேலை முடிந்து அவளைப் பார்க்கப் போயிருந்தேன். எழுந்து வந்தவள் பாதியிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். உதடு வெளுத்திருந்தது. மாப்பிள்ளை அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, முட்டை உபதேசி ஒருவர் வாழ்நாளில் சொல்லாத வார்த்தையைச் சொன்னார்.

"எனக்குத் தெரியலம்மா. எப்படி வேகவைக்கறதுன்னு சொல்லு."

அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுச் சமையலறையில் உட்கார்ந்தாள். அந்தச் சமையலறையில் அவள் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். பாத்திரம் அவரே எடுத்தார். தண்ணீர் அவரே வைத்தார். அவர் நெற்றியில் உலைக்கு முன்னால்கூட வராத வியர்வை.

"இப்ப எடுங்க" என்றாள். அவர் கை நீட்டினார். "இப்ப இல்ல." கை பின்வாங்கியது. "ம், இப்ப."

விரலைச் சுட்டுக்கொண்டார். ஓட்டை உரிக்கும்போது பாதி வெள்ளை ஓட்டோடு போய்விட்டது. மிச்சம் எலி கடித்த சோப்பு மாதிரி இருந்தது. தட்டில் வைத்து நீட்டினார். அவள் ஒரு வாய் கடித்தாள். மஞ்சள் கருவைப் பற்றி ஏதோ சொல்ல அவர் வாயெடுத்தார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். வாய் மூடிக்கொண்டது.

"உப்பு" என்றாள்.

அந்த மனிதர் அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை.

திருந்திவிட்டாரா என்று கேட்காதீர்கள். இந்த இனம் திருந்தாது. இப்போது பட்டறையில் முட்டை உரிப்பது எப்படி என்று பாடம் நடக்கிறது. ஆனால் தினமும் காலையில் அவரே வேகவைக்கிறார், தங்கச்சி முகத்தில் ரத்தம் ஊறியிருக்கிறது, அவர் டப்பாவில் இப்போது முட்டை ஒன்றுதான். "இன்னொண்ணு எங்கண்ணே?" என்று வெல்டர் கேட்டான். "வீட்டுல ஆள் இருக்குல்ல" என்றார், ஏதோ அன்றுதான் கண்டுபிடித்தவர்போல.

சரி, உங்களிடம் வருகிறேன். ஓடு ஒட்டிக்கொண்டது என்று நான் சொன்னபோது, 'உடனே பச்சைத் தண்ணீரில் போட்டிருக்க வேண்டும்' என்று உங்களுக்குள் ஒரு குரல் கேட்டதா? முட்டை வெடித்தபோது, 'இப்படியா வேகவைப்பது, நான் சொல்கிறேன் கேளுங்கள்' என்று நாக்கு துறுதுறுத்ததா? நல்ல யோசனைகள்தான். ஒன்றே ஒன்றை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறேன். உங்கள் வீட்டில் வெடித்த முட்டை யார் தட்டுக்குப் போகிறது?

தெரியவில்லையா? அப்படியானால் கொஞ்சம் குனிந்து பாருங்கள். சட்டை போட்டிருக்கிறீர்கள்.