பள்ளமா? எங்கே?

நகரத்துச் சாலைகளில் எத்தனை பள்ளங்கள் இருக்கின்றன என்று தெரிந்துகொள்ளும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு. அவற்றை மூடச் சொல்லும் உரிமை உண்டா என்பதில் சட்டம் வாய் திறக்கவில்லை. ஆனால் எண்ணுவதற்கென்றே ஓர் அலுவலகம் இருந்தது. சாலைப் பள்ளக் கணக்கெடுப்பு அலுவலகம் என்று பெயர். அதில் இயக்குநர், துணை இயக்குநர், தலைமை எழுத்தர், ஓட்டுநர் என்று நான்கு பேர். முதல் மூவருக்கும் ஆளுக்கொரு நாற்காலி இருந்தது. ஓட்டுநருக்கு ஒரு வண்டி இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

பள்ளத்தை எண்ணுவதற்கு அங்கே முறையான ஏற்பாடு உண்டு. விதிப் புத்தகத்தின் நான்காம் பத்தி சொல்கிறது: "பள்ளம் எனப்படுவது, பின்னிருக்கையில் அமர்ந்துள்ள அதிகாரி தம் இருக்கையை விட்டு மேலெழும்ப நேரும் இடமாகும்." ஆகவே இயக்குநர் பின்னால் உட்காருவார். தலைமை எழுத்தர் அம்மா பதிவேட்டை மடியில் விரித்து, பென்சிலைக் கூராக்கிக்கொண்டு முன்னால் உட்காருவார். வண்டி தூக்கிப் போட்டு இயக்குநர் "அம்மா" என்றால் சிறு பள்ளம். "ஐயோ" என்றால் நடுத்தரம். வாயைப் பொத்திக்கொண்டார் என்றால் நாக்கைக் கடித்துக்கொண்டார் என்று பொருள். அது பெரும் பள்ளம். இறங்கிப் பார்ப்பதற்கு விதியில் இடமில்லை. போன வருடம் மட்டும் ஒன்பதாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பள்ளங்கள் இப்படி இயக்குநரின் இடுப்பு வழியாக அரசாங்கத்துக்குத் தெரியவந்தன. சாலை சீரமைப்பு அலுவலகம் அந்தப் பதிவேட்டில் உள்ளதை மட்டும் மூடும். பதிவேட்டில் இல்லாததைத் தெரியாத்தனமாக மூடிவிட்டால் மூன்று பிரதிகளில் விளக்கம் எழுத வேண்டும்.

இருபத்தொரு வருடம் உழைத்த பழைய ஜீப் ஒருநாள் அலுவலக வாசலில் இருந்த பள்ளத்திலேயே விழுந்து உயிரை விட்டது. அந்தப் பள்ளம் பதிவேட்டில் கிடையாது. இயக்குநர் எப்போதும் அதைத் தாண்டி வந்துதான் வண்டியில் ஏறுவார்.

ஜீப் போனதில் மற்ற மூவருக்கும் ஓய்வு. ஓட்டுநருக்கு மட்டும் ஒரு கடிதம் வந்தது. வண்டி இல்லாத ஓட்டுநர் பணியிடம் தொண்ணூறு நாட்களில் தானாகவே காலாவதியாகும் என்று அதில் மரியாதையாக எழுதியிருந்தார்கள். ஸ்டியரிங்கைத் தவிர வேறெதையும் பிடித்துப் பழகாத கை அவருடையது. வீட்டுக்குப் போனால் மனைவி தினமும் ஒரே கேள்விதான் கேட்டாள்.

"வண்டி வந்துச்சாங்க?"

"கமிட்டி போட்டிருக்காங்க."

"அய்யோ, அப்ப வராதா?"

எண்பத்து மூன்றாம் நாள் கமிட்டி கூடியது. ஒரு ஜப்பான் கம்பெனி அந்த வாரம்தான் தன் புதிய வண்டிகளையெல்லாம் ஒன்றாக இறக்கியிருந்தது. ஓட்டுநர் லீவு போட்டு ஷோரூமுக்குப் போய், அவற்றின் விளம்பரப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிவந்து மேசையில் வைத்தார். வழவழ தாளில் ஏழு வண்டிகள். ஒன்று பனிமலை உச்சியில் நின்றது, ஒன்று பாலைவனத்தில் நின்றது. ஒன்றுகூடச் சாலையில் நிற்கவில்லை.

"தொழில்நுட்ப ஆலோசகர் விளக்கலாம்" என்றார் இயக்குநர். யாரது என்று ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். தன்னைத்தான் சொல்கிறார் என்று புரிந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"முதல்ல இருக்கறது சின்ன கார் சார். நம்ம ஊர் சந்துக்கு அளவா இருக்கும்."

"இதையா? என் மச்சான் வெச்சிருக்கான். அவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

"அடுத்தது நீளக் கார் சார். சொகுசா இருக்கும்."

"ரொம்பத் தாழ்வா இருக்கே. ரோட்டுல போறவன் என்னைக் குனிஞ்சு பார்ப்பான்" என்று இயக்குநர் பக்கத்தைப் புரட்டினார்.

மூன்றாவது, கரண்டில் ஓடுவது. அலுவலகத்தில் இருந்தது ஒரே ஒரு பிளக். அதில் துணை இயக்குநரின் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் ஃபேனையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மின்சார வண்டி இன்னும் பக்குவப்படலை" என்று கருத்துத் தெரிவித்தார். நான்காவது பெட்ரோல் பாதி, பேட்டரி பாதி; சிக்னலில் நின்றால் எஞ்சின் தானாக அணைந்துவிடும் என்றார் ஓட்டுநர். "நம்ம ஜீப்பும் அப்படித்தானே அணைஞ்சுது? அதுக்கு எதுக்குப் புதுசு?" என்றார் தலைமை எழுத்தர் அம்மா. நியாயமாகத்தான் இருந்தது. ஐந்தாவதின் கூரை திறக்கும் என்றதும் இயக்குநர் தன் வழுக்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டு புத்தகத்தைத் தள்ளி வைத்தார். ஆறாவதில் ஏழு பேர் உட்காரலாம்.

"ஏழு பேரு ஏறினா ஏழு பேரும் ஐயோம்பாங்க. அம்மா எந்த ஐயோவை எழுதுவாங்க?" என்று கேட்டார் துணை இயக்குநர்.

கடைசிப் பக்கத்தை ஓட்டுநர் திருப்பினார். அதையும் வேண்டாம் என்றுவிட்டால் ஏழு நாளில் அவர் வீட்டோடு உட்கார வேண்டியதுதான். பக்கம் முழுக்க ஒரு பெரிய எஸ்யூவி. ஏறுவதற்குப் படி வைத்திருந்தார்கள். மேலே கொட்டை எழுத்தில் இரண்டே வார்த்தை: "பள்ளமா? எங்கே?"

அறையே நிமிர்ந்து உட்கார்ந்தது.

"சார், நம்ம துறையைப் பத்திப் போட்டிருக்கான்!" என்றார் துணை இயக்குநர்.

"ஜப்பான்காரனுக்கு நாம பண்ற வேலை தெரிஞ்சிருக்கு பாருங்க" என்றார் இயக்குநர். அவர் படத்தைத் தடவிக் கொடுத்தார். "பள்ளம் எங்கேன்னு கேட்கிறான். அதைத்தானேய்யா நாமளும் இத்தனை வருஷமாத் தேடிக்கிட்டிருக்கோம்! ஆறு வண்டியில பள்ளத்தைப் பத்தி ஒரு வார்த்தை உண்டா? இது நமக்குன்னே செஞ்ச வண்டி."

ஓட்டுநருக்குச் சுருக்கென்றது. கீழே பொடி எழுத்தில் போட்டிருந்ததை ஷோரூமிலேயே அவர் படித்திருந்தார்.

"சார், ஒரு சந்தேகம். பள்ளத்துல விழுந்தாலும் உள்ள இருக்கறவங்களுக்குத் தெரியாதுன்னு..."

தலைமை எழுத்தர் அம்மா அவர் பக்கமாகச் சாய்ந்து, "தம்பி, இன்னும் ஏழு நாள்தான் இருக்கு" என்று காதோடு சொன்னார்.

"தெரியாதுன்னு என்ன?" என்று கேட்டார் இயக்குநர்.

"...என்ன கலர் வேணும்னு தெரியாதுன்னு சொல்ல வந்தேன் சார்."

வெள்ளை என்று முடிவாயிற்று. எண்பத்தொன்பதாம் நாள் வண்டி வந்தது. அன்றைக்கு ஓட்டுநர் மனைவி இனிப்பு செய்தாள். ஓட்டுநர் இரண்டு துண்டு தின்றார். மூன்றாவதை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

அடுத்த திங்கட்கிழமை கணக்கெடுப்பு தொடங்கியது. இயக்குநர் படியேறிப் பின்னால் உட்கார்ந்தார். சீட்டுக்கு அடியிலிருந்து குளுகுளுவென்று காற்று வந்தது. அம்மா பென்சிலைக் கூராக்கினார். முதல் தெரு முடிந்தது, இரண்டாம் தெரு முடிந்தது. பின்னாலிருந்து அம்மாவும் வரவில்லை, ஐயோவும் வரவில்லை. மூன்றாம் தெருவில் இயக்குநர் வாயைப் பொத்தினார். எழுத்தர் அம்மா ஆவலோடு பென்சிலை எடுத்தார். கொட்டாவி.

ஓட்டுநருக்கு மனசாட்சி உறுத்தியது. இருபத்தொரு வருடம் பள்ளத்தில் இறக்காமல் ஓட்டப் பார்த்தவர், அன்றைக்கு ஒவ்வொரு பள்ளமாகத் தேடித் தேடி இறக்கினார். சந்தைக்குப் பின்னால், எருமை குளிக்கிற அளவுக்கு ஒரு பள்ளம் உண்டு. எருமையும் அதில் இருந்தது. அதை எழுப்பி அனுப்பிவிட்டு நான்கு சக்கரத்தையும் உள்ளே விட்டார். வண்டி தொட்டில்போல ஒரு ஆட்டு ஆட்டியது. பின்னால் குறட்டை கேட்டது.

"மேடம், இது பள்ளம்தானே? கண்ணுக்கு முன்னாடி இருக்கே. ஒரு கோடு போடுங்க."

"சார் எழும்பலையே தம்பி. நான் எப்படிப் போடுறது? நாளைக்கு ஆடிட் வந்தா என்ன பதில் சொல்லுவேன்?"

ஒரு மாதம் நகரம் முழுக்கச் சுற்றினார்கள். அறிக்கை தயாரானது. போன வருடம் ஒன்பதாயிரத்துச் சொச்சம். இந்த வருடம் பூஜ்யம். மேலிடம் மூக்கின்மேல் விரலை வைத்தது. ஒரு பள்ளத்தையும் மூடியதாக ஞாபகமில்லாத சாலை சீரமைப்பு அதிகாரிக்கு மாலை போட்டுக் கேடயம் கொடுத்தார்கள். அவர் திருதிருவென்று முழித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். இயக்குநருக்கும் ஒரு கேடயம். வாயெல்லாம் பல்லாகப் புகைப்படத்துக்கு நின்றார்.

மூன்றாம் நாள் ஆணை வந்தது. "பள்ளங்கள் யாவும் ஒழிக்கப்பட்டுவிட்டமையால் கணக்கெடுப்பு அலுவலகம் இனித் தேவையில்லை. அலுவலகம் இல்லாமையால் வண்டி தேவையில்லை. வண்டி இல்லாமையால் ஓட்டுநர் தேவையில்லை." வண்டியை ஆணையில் கையெழுத்துப் போட்ட அதிகாரியே எடுத்துக்கொண்டார். அவரிடம் ஏற்கெனவே ஓட்டுநர் இருந்தார். இயக்குநர் மச்சானின் சின்ன காரில் வீட்டுக்குப் போனார். அலுவலக வாசல் பள்ளத்தில் கார் இறங்கியபோது அவர் வாயைப் பொத்திக்கொண்டதை ஓட்டுநர் கண்ணால் பார்த்தார். எழுதத்தான் பதிவேடு இல்லை.

ஓட்டுநர் சைக்கிளில் வீட்டுக்குப் போனார். வழியெல்லாம் அவர் இடுப்பு எண்ணிக்கொண்டே வந்தது. தான் அன்றைக்கு வாயைத் திறந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது. நாற்பத்தொன்றாவது பள்ளம் அவர் தெருமுனையில் இருந்தது. அதற்குள் மளிகைக்கடைக்காரர் இடுப்பளவு நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய ஸ்கூட்டரின் கைப்பிடி மட்டும் தெரிந்தது. தெருவே கூடியிருந்தது, ஓட்டுநரின் மனைவி உட்பட.

"நல்ல நேரத்துல வந்தீங்க! உங்க ஆபீஸ்ல சொல்லி இதை எழுதிக்கச் சொல்லுங்க" என்றார் தையல்காரர்.

"ஆபீஸையே மூடிட்டாங்க. ஊர்ல பள்ளமே இல்லையாம்" என்று ஓட்டுநர் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். தன் வாய் அடைத்துப்போனதையும் சேர்த்தே சொன்னார். எல்லாரும் சேர்ந்து தன்னை நாலு வார்த்தை திட்டினால் மனசு ஆறும் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றார். யாரும் திட்டவில்லை.

"நிஜமாவே ஒண்ணும் தெரியாதா, உள்ள உட்கார்ந்தா?" என்றார் தையல்காரர்.

"எருமைப் பள்ளத்துலகூடத் தெரியலை."

"சீட்டுக்கு அடியில காத்து வேற வருமா?"

ஓட்டுநர் பையிலிருந்து விளம்பரப் புத்தகத்தை எடுத்தார். பத்துத் தலைகள் அதன்மேல் கவிழ்ந்தன. சின்ன கார் மதிப்பாக இருக்காது என்றார் ஒருவர். நீளக் கார் ரொம்பத் தாழ்வு என்றார் இன்னொருவர். பள்ளத்தை மூடச் சொல்லி மனு எழுதலாமே என்று யாரோ ஆரம்பித்ததை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அடக்கினார்கள். "வாங்கினா ஓட்ட ஆள் வேணுமே! எங்க வீட்டுக்காரருக்கு அந்த வண்டி கைவந்தது" என்றாள் ஓட்டுநரின் மனைவி. ஓட்டுநர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, கடைசிப் பக்கத்தைத் திருப்பி எல்லாருக்கும் தெரியும்படி பிடித்தார்.

"கொஞ்சம் கீழ காட்டுங்க" என்று பள்ளத்துக்குள்ளிருந்து மளிகைக்கடைக்காரர் கையை நீட்டினார். தூக்கிவிடத்தான் கேட்கிறார் என்று நினைத்து ஓட்டுநர் கையைக் கொடுத்தார். அவர் புத்தகத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்.

"இது கறுப்புல வருமா?"