சாம்பியன்களுக்கு மஞ்சள் வைத்த கதை

மெல்பேர்னில் என்னைவிட நன்றாக அழைப்பிதழ் அச்சடிக்கிறவன் ஒருவனும் இல்லை. இதை நானே சொல்ல வேண்டியிருக்கிறது என்பதுதான் ஒரே குறை.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போய்விட்டது. (நட்டம் பள்ளிக்கூடத்துக்குத்தான்.) இந்த நாட்டுக்கு வந்து கோழித் தொழிற்சாலையில் குளிருக்குள் நின்று, பிறகு ஒருவருடைய கராஜில் பழைய மெசின் ஒன்றைப் போட்டு, இன்றைக்குக் கிரான்பர்னில் சொந்தப் பெயர்ப்பலகையோடு அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணம், அரங்கேற்றம், புதுமனை புகுதல், செத்தவருக்கான அந்தியேட்டி எதுவானாலும் அட்டை என் கடையால்தான் போக வேண்டும். பட்டம் பெற்ற பிள்ளைகள் கம்ப்யூட்டரில் தலைகீழாக நின்று டிசைன் செய்வார்கள். ஆனால் எந்த நிறம் எந்தத் தாளில் எப்படி விழும் என்று கடைசியில் என்னிடம்தான் வந்து கேட்பார்கள்.

இப்பேர்ப்பட்ட நான் ஒரு பெட்டி நிறைய அட்டையோடு ஒரு மண்டபத்துக்குள் போய், ஒரு முழு அணியின் வெள்ளைச் சட்டையையும் பாழாக்கிவிட்டு வந்த கதைதான் இது.

எங்களுக்கு ஒரே மகள், தாரணி. பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறாள். வேலைக்குப் போகாத நேரத்தில் பேஸ்போல் விளையாடுகிறாள். தமிழ்ப் பிள்ளை எங்கே போய் பேஸ்போல் பிடித்தாள் என்று நானும் கேட்டுப் பார்த்தேன், பதில் கிடைக்கவில்லை. ஆனால் நன்றாக விளையாடுவாள் என்று சொன்னார்கள். சொன்னார்கள் என்று ஏன் எழுதுகிறேன் என்றால், மைதானத்துக்குப் போகும் உரிமை எனக்குப் பறிபோயிருந்தது.

முதல் தடவை ஆட்டம் பார்க்கப் போனபோது நடந்த கூத்து அது. தாரணி பந்தை அடித்தாள். அருமையான அடி. அடித்தவள் மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். (பேஸ்போலில் அப்படித்தான் ஓட வேண்டுமாம்.) நான் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். மட்டையில்லாமல் ஓடுகிற பிள்ளையைப் பார்த்துக்கொண்டு கதிரையில் இருக்க எந்தத் தகப்பனுக்கு மனம் வரும்? மட்டையைத் தூக்கிக்கொண்டு, "பிள்ளை, மட்டையை விட்டிட்டு ஓடுறாய்!" என்று கத்தியபடி மைதானத்துக்குள் ஓடினேன். நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். பந்தோடு நின்ற எதிரணிப் பெண் என்னை அவுட்டாக்கலாமா என்று யோசித்ததுபோல் இருந்தது.

திரும்பி வரும்போது காரில் தாரணி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"இனி மட்ச்சுக்கு வராதேங்கோ அப்பா. ப்ளீஸ்."

அன்றிலிருந்து ஆட்டம் எங்கே, எப்போது என்று எங்களுக்குச் சொல்வதை நிறுத்திவிட்டாள். அவளுடைய அணி சாம்பியனானதைக்கூடக் கடைக்கு வந்த ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன். "மகள் கலக்கிட்டா போல" என்றார். "ஓம், ஓம்" என்று எல்லாம் தெரிந்தவன்போலச் சிரித்துவிட்டு, உள்ளே போய் மெசினைத் துடைத்தேன். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தேன்.

சில நாள் கழித்துத் தாரணி குசினியில் தாயோடு கதைத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்து அறையில் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். பேஸ்போலில் ஒரு வழக்கம் உண்டாம். ஆட்டக்காரரின் படத்தைச் சீட்டுக்கட்டுச் சீட்டளவு அட்டையில் அச்சடித்து, அவர் எத்தனை அடித்தார், எத்தனை பிடித்தார் என்ற கணக்கைப் பின்பக்கத்தில் போடுவார்களாம். அதை வாங்கிச் சேர்க்கப் பைத்தியமாக அலைகிற ஆட்களும் இருக்கிறார்களாம். அணித் தலைவி மெக் அப்படி ஒருத்தி. லொறி ஓட்டுகிறவள். தகப்பன் சேர்த்த பழைய அட்டைகளைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறாள். குவீன்ஸ்லாந்துக்குக் குடிபோவதால் இதுதான் அவளுக்கு இங்கே கடைசி சீசன். சாம்பியன் அணிக்கு அப்படி அட்டை அடித்து, பரிசளிப்பு அன்று எல்லோருக்கும் கொடுக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை.

"ஒன்லைன்ல ஓர்டர் பண்ணப் போறம்" என்றாள் தாரணி.

நான் குசினிக்குள் பாய்ந்தேன். "ஒன்லைனோ? அப்பன் அச்சகம் வைச்சிருக்கேக்க?"

"அப்பா, இது கல்யாணக் கார்ட் இல்ல."

"கார்ட் எண்டா கார்ட்தான் பிள்ளை."

அவள் தாயைப் பார்த்தாள். என் மனைவி புஷ்பம் வெங்காயத்தை வெட்டியபடியே, "குடுவன் பிள்ளை. மனுசன் ஆசைப்படுது" என்றாள்.

தாரணி கதிரையை இழுத்துப்போட்டு எனக்கு நேரே இருந்தாள். ஆஸ்பத்திரியில் நோயாளிக்குப் புத்தி சொல்கிற குரல். "நான் அனுப்புற டிசைன். அதில ஒரு புள்ளியும் கூட்டக்கூடாது. தங்க போர்டர் இல்ல. பிள்ளையார் சுழி இல்ல. குத்துவிளக்கு இல்ல."

"சரி."

"மயில் இல்ல."

"ஒரு சின்ன…"

"அப்பா!"

"சரி பிள்ளை, மயில் இல்ல."

"வடிவாச் செய்து தந்தீங்கள் எண்டா, பரிசளிப்புக்கு நீங்களும் அம்மாவும் வரலாம்."

எனக்கு அது போதும். நான் இதுவரை அடித்த எந்த அட்டைக்கும் இவ்வளவு பெரிய கூலி கிடைத்ததில்லை.

அடித்தேன். எப்படி அடித்தேன் என்று கேளுங்கள். தடித்த அட்டை, கண்ணாடிபோல் பளபளப்பு. மெக்கின் முகத்திலிருந்த வெயில் சுருக்கம்கூட அழகாக விழுந்திருந்தது. ஓரம் வெட்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டினேன். மூலைகள் கத்திபோல் நின்றன. ஒரு புள்ளிகூடக் கூட்டவில்லை. மயில் வரட்டுமா, வரட்டுமா என்று என் மனதுக்குள் அகவிக்கொண்டிருந்தது. அடக்கிவிட்டேன்.

அதோடு பெட்டியை மூடியிருந்தால் நான் அறிவாளி.

என் கடையில் ஒரு சட்டம் உண்டு. நல்ல காரியத்துக்கு அடித்த எதுவும் மூலைக்கு மஞ்சள் வைக்காமல் வாசலைத் தாண்டாது. மேலே இருக்கிற சில அட்டைகளுக்கு மட்டும் வைப்போம். மிச்சத்துக்கு வீட்டுக்காரர் வைத்துக்கொள்வார்கள். ஆனால் இந்த அட்டைகளின் வீட்டுக்காரன் நானல்லவா? ஒன்று விடாமல் எல்லாவற்றுக்கும், நாலு மூலைக்கும், இரண்டு பக்கமும் வைப்பது என்று முடிவெடுத்தேன்.

"இஞ்சேருங்கோ, பிள்ளையிட்ட ஒருக்கால் கேட்டிட்டு வையுங்கோவன்" என்றாள் புஷ்பம்.

"மங்கலத்துக்கு ஆரிட்டயப்பா கேக்கிறது?"

"ஒண்டும் கூட்டக்கூடாது எண்டவள்."

"அது டிசைனுக்கு. மஞ்சள் டிசைனோ?"

(இந்த வாதத்துக்கு எந்த வக்கீலும் பதில் சொல்ல முடியாது என்று அப்போது நினைத்தேன்.)

"நான் சொல்லிப்போட்டன். பிறகு என்னில பழி போடக்கூடாது" என்று மஞ்சள் தூள் டப்பாவை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். நானே குழைத்தேன். தண்ணீர் கொஞ்சம் கூடிவிட்டது. அட்டைகளை த பேசின் என்ற ஊரிலுள்ள பிள்ளையார் கோயிலில் சாமியின் காலடியில் வைத்து எடுத்துக்கொண்டு நேரே பரிசளிப்புக்குப் போக வேண்டும், கோயில் மத்தியானம் பூட்டிவிடும். ஈரம் காய்கிறதா என்று பார்க்க நேரம் ஏது? ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் உறைக்குள் தள்ளிப் பெட்டியை மூடினேன். கோயிலில் ஐயர் பெட்டிக்கு மேல் ஒரு செவ்வரத்தம்பூவை வைத்துத் தந்தார். நான் ராசாபோல் காரை ஓட்டினேன்.

மண்டபத்தில் அணி முழுக்கப் படம் எடுப்பதற்காக வெள்ளை வெளேர் என்ற சீருடையில் நின்றது. தாரணி ஓடிவந்து பெட்டியை வாங்கினாள். "இது என்ர அப்பா, இவர்தான் செய்தவர்" என்று இங்கிலீசில் எல்லோருக்கும் சொன்னாள். அவள் என்னைக் காட்டி ஒரு கூட்டத்துக்குச் சொல்வது அதுதான் முதல் தடவை. நான் கோட்டின் பொத்தானைப் பூட்டினேன்.

மெக் மட்டும் உடனே அட்டையைத் தொடவில்லை. போய்க் கையைக் கழுவி, துடைத்து, பிரசாதம் வாங்க வருகிறவள்போல் வந்தாள். உறையிலிருந்து அட்டையை விளிம்பில் பிடித்து மெதுவாக இழுத்தாள். முகம் மலர்ந்தது. பிறகு கண் ஒரு மூலைக்குப் போனது. அடுத்த மூலைக்குப் போனது. திருப்பிப் பார்த்தாள். அட்டையைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய் மறுபடி நாலு மூலையையும் பார்த்தாள்.

கலைஞனுக்கு இதைவிட என்ன வேண்டும்? நான் முன்னால் போய் உரத்த குரலில் அறிவித்தேன்: "ஆல் கோர்னர்! மை ஹேண்ட்! நோ மெசின்!"

இதற்குள் மற்றவர்களும் படத்துக்காக அட்டைகளை வெளியே எடுத்து நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார்கள். உறைக்குள் காயாமல் இருந்த மஞ்சள் ஆசையோடு வெள்ளைச் சட்டைகளில் ஒட்டியது. ஒருத்தி அதைத் தட்டிவிடலாம் என்று தேய்த்தாள். ஈர மஞ்சளைத் தேய்த்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

"அப்பா, என்ன இது?"

"மஞ்சள், பிள்ளை."

"மஞ்சள் எண்டு தெரியுது. ஏன்?" தாரணி ஒரு அட்டையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இந்தக் கார்ட்டுக்கு மூலைதான் உயிர். சேக்கிற ஆக்கள் முதல்ல மூலையைத்தான் பாப்பினம். ஒரு மூலை மங்கினாலே அது பழுது. நீங்கள் நாலிலயும்… ஒண்டும் கூட்டாதேங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான்?"

மட்டையோடு நான் ஓடிய அன்று அவள் முகம் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. இனி எந்த மைதானத்துக்கும், எந்த மண்டபத்துக்கும் என்னைக் கூப்பிடமாட்டாள் என்று விளங்கியது.

"தாங்கோ, தாங்கோ. இண்டைக்கே திருப்பி அடிக்கிறன்" என்று ஒவ்வொருத்தியின் கையிலிருந்தும் அட்டையைப் பறிக்கத் தொடங்கினேன். மெக் தன்னுடையதை விடவில்லை. நான் இழுக்க, அவள் பிடிக்க, கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மூலைக்கு மூலை நின்றோம்.

"ஏன் இதைச் செய்தாய்?" என்று கேட்டாள். (அவள் இங்கிலீசில் கேட்டதை என் தமிழில் எழுதுகிறேன்.) கோபம் இல்லை. உண்மையாகவே கேட்டாள்.

என் இங்கிலீசு அந்த நேரம் பார்த்து லீவில் போய்விட்டது. தாரணியைப் பார்த்துத் தமிழில் சொன்னேன்.

"நல்ல செய்தி எண்டா மஞ்சள் வைச்சுத்தான் அனுப்புறது. செத்த வீட்டு அட்டைக்கு மட்டும் வைக்கிறேல்ல. ரெண்டும் என்ர கடையாலதான் போகுது, பிள்ளை. உங்கட அட்டையை வெறுமனே அனுப்ப எனக்கு மனம் வரேல்ல."

தாரணி அவர்கள் பக்கம் திரும்பி மொழிபெயர்த்தாள். நான் சொன்னது நாலு வரி. அவள் சொன்னது நீண்டுகொண்டே போனது. இடையில் கோழித் தொழிற்சாலை என்ற சொல் வந்ததுபோல் இருந்தது. என்ன சொன்னாள் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

மெக் அட்டையை மறுபடி பார்த்தாள். "எனக்குச் சுத்தமானது ஒன்று அடித்துத் தா" என்றாள். என் தலை தொங்கியது. "அது பூட்டி வைக்கிற பெட்டிக்கு. இதைத் தரமாட்டேன். இது லொறியில் மாட்ட."

எல்லோரும் அப்படிச் சொல்லவில்லை. ஒருத்தி, "எனக்குப் புதிது மட்டும் போதும், சட்டையை எப்படித் தோய்ப்பது?" என்று கேட்டாள். அவ்வளவு நேரமும் சுவரோரம் நின்ற புஷ்பத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. "நல்ல வெயில்ல காயப்போடச் சொல்லு பிள்ளை, மஞ்சள் தன்ர பாட்டில போயிடும்" என்றாள். நல்ல யோசனைதான். மெல்பேர்னில் அந்தக் கிழமை முழுக்க வெயில் என்ற ஒன்றே வரவில்லை.

படத்தை அந்தக் கறைச் சட்டைகளோடேயே எடுத்தார்கள். வெளியே வந்து காரில் ஏறியதும் தாரணி கண்ணாடியைத் தட்டினாள்.

"என்ர கார்ட்டுக்கும் வைச்சனீங்களோ?"

"உன்ர அட்டைக்குத்தான் முதல் வைச்சது."

சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. காரின் கூரையில் குத்திக் குத்திச் சிரித்தாள். "போங்கோ, போய் அடியுங்கோ. இந்த முறை மூலையில கை வைச்சீங்களோ, தெரியும்!"

இரண்டாம் முறை கையுறை போட்டுக்கொண்டு அடித்தேன். அது முடியும்வரை புஷ்பம் மஞ்சள் டப்பாவை ஒளித்துவைத்துவிட்டாள். வீட்டில் பருப்புக்கறி வெள்ளையாக இருந்தது.

இந்த நாட்டில் நான் எத்தனையோ பேருக்கு நன்றி சொல்ல வேண்டும். கராஜ் தந்தவருக்கு, முதல் ஓர்டர் தந்தவருக்கு. ஆனால் அன்றைக்கு அட்டையை விடாமல் பிடித்துக்கொண்டு ஏன் என்று கேட்ட அந்த லொறிக்காரிக்குத்தான் முதல் நன்றி. அவள் கேட்டிருக்காவிட்டால் என் மகளுக்கு என் மனதில் இருந்ததை நான் சொல்லியிருக்கவே மாட்டேன்.

எங்கள் வீட்டில் புதிதாக, வெள்ளையாக எது வந்தாலும் இப்போது தாயும் மகளும் ஒன்றாகக் கத்துவார்கள்: "மூலை, மூலை!" குளிர்சாதனப் பெட்டி வந்த அன்று டெலிவரிக்காரன் பயந்தே போனான். தாரணி கிரெய்கிபர்னில் வீடு வாங்கியபோது, நான் செருப்பைக் கழற்றும் முன்பே என் இரண்டு கையையும் விரித்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டாள்.

சீசன் தொடங்கினால் ஆட்ட நேரங்களை அவளே எனக்கு அனுப்புகிறாள். அவளுடைய கிளப்பின் மண்டபத்தில் அந்தப் படம் பெரிதாகத் தொங்குகிறது. சாம்பியன்களுக்கு நெஞ்சில் ஏன் மஞ்சள் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். அணிப் பிள்ளைகள் என் பக்கம் கை காட்டுவார்கள். நான் எழும்பி நின்று, கோட்டின் பொத்தானைப் பூட்டி, எல்லோருக்கும் கையசைப்பேன்.

"கதிரையில இருங்கோப்பா" என்பாள் தாரணி.

இருக்கமாட்டேன்.