கெட்டிக்காரன் தொலைத்த பொம்பிளை

தான் மொக்கன் என்று தெரிந்த மொக்கனால் யாருக்கும் ஆபத்தில்லை. நாலு பேரிடம் வழி கேட்டு, போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவான். தன்னைக் கெட்டிக்காரன் என்று நம்புகிற மொக்கன் இருக்கிறானே, அவன் வழி கேட்கமாட்டான், வழி சொல்லுவான். எண்பதுகளின் நடுப்பகுதியில், பாரிஸ் லா ஷப்பலில் அந்த வேலையைச் சம்பளமில்லாமல் பார்த்துவந்தவன் நான்.

ஒரே அறையில் எட்டுப் பேர் இருந்தோம். ஊரில் கணக்குப் பாடத்தில் நான் எடுத்த புள்ளிகள் அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும் (நான்தான் சொன்னேன்). மெத்ரோ நிலையங்களின் பெயர்களை மூச்சுவிடாமல் வரிசையாக ஒப்பிப்பேன். இதனால் என்னை ‘புரொபசர்’ என்றார்கள். அதில் கொஞ்சம் கிண்டலும் இருந்திருக்கலாம் என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை. மற்றவர்களின் மூளையை அளக்கவும் என்னிடம் ஒரு முறை இருந்தது. ஐந்து நிமிஷம் பேசிப் பார்ப்பேன். நிறையக் கேள்வி கேட்டால் ஆள் மந்தம். ஒன்றும் கேட்காமல் தலையாட்டினால் படுமந்தம்.

எங்கள் அறையில் மூத்தவர் சிவநேசண்ணை. ஒரு உணவகத்தில் இறைச்சி வெட்டுகிற வேலை. கத்தியைக் கழுவி வைத்துவிட்டு வந்த பிறகும் அவருடைய வலது கை எதையோ தேடிக்கொண்டே இருப்பதுபோலத் தெரியும். கோபம் வந்தால் பேசமாட்டார்; பார்ப்பார். அவருக்குக் கலியாணம். பொம்பிளை (எங்கள் பேச்சில் மணப்பெண்) வசந்தி, ரூ பெர்தொனேயில் ஒரு குடும்பத்தோடு தங்கியிருந்தாள். ‘மெறி’ என்று நாங்கள் சொல்லும் நகரசபையில் காலை பதினொரு மணிக்குப் பதிவு. போன தடவை ஏதோ ஒரு பேப்பர் குறைகிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்த முறையும் தவறினால் எல்லாம் ஆரம்பத்திலிருந்து. சிவநேசண்ணைக்கு அவ்வளவு பொறுமை மிச்சமில்லை.

“தம்பி, நீ கெட்டிக்காரன் எண்டபடியாத்தான் உன்னை நம்பி விடுறன். பொம்பிளையைப் பத்திரமாக் கூட்டிக்கொண்டு வா.”

“யோசியாதேங்கோ அண்ணை. என்ரை பொறுப்பு.”

அன்று காலை எல்லோரும் முன்னாலேயே மெறிக்குப் போய்விட்டார்கள். பொம்பிளைக்கும் எனக்கும் ஒரு கார் வருவதாக ஏற்பாடு. அது வரவில்லை. சிவப்புக் கூறைச் சேலையும் மூன்று வீட்டு இரவல் நகைகளுமாக வசந்தி வாசலில் நின்றாள்.

“அண்ணை, மெறி கிட்டத்தானே எண்டு வீட்டுக்கார அக்கா சொன்னவ. நடந்து போவமே?”

நான் சிரித்தேன். இன்றைக்கும் அந்தச் சிரிப்பை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறையலாம்போல இருக்கும்.

“தங்கச்சி, இது யாழ்ப்பாணமில்லை. கார் து நோர் ஸ்டேஷன் பக்கம் பொலிஸ் நிக்கும், பேப்பர் கேக்கும். மெத்ரோவிலை போனால் ஒருத்தன்ரை கண்ணிலையும் படாமல் போகலாம்.”

“ஓம் அண்ணை.”

நிலையத்தில் டிக்கெட் வாங்கிக் கொடுத்து அவளை உள்ளே கூட்டிப்போனேன்.

“உங்கடை டிக்கெட்டையும் விசாவையும் இஞ்சை தாங்கோ. துலைச்சுப்போடுவியள்.”

“ஓம் அண்ணை.”

“நீங்கள் ஒண்டும் யோசிக்க வேண்டாம். நான் இறங்கச் சொன்னால் மட்டும் இறங்குங்கோ.”

“ஓம் அண்ணை.”

படுமந்தம் என்று தீர்ப்பு எழுதினேன்.

லா ஷப்பலில் ஏறினால் அடுத்த நிலையம் பார்பெஸ். அங்கே இறங்கி வேறு ரயில் மாறவேண்டும். நான் கதவைத் திறந்து, முன்னால் இறங்கி, ரயில் மாறுகிற நுணுக்கத்தை விளக்கிக்கொண்டே நடந்தேன். நல்ல விளக்கம். இடையில் ஒரு “ஓம்” வரவேண்டிய இடத்தில் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். கதவு மூடிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வசந்தி உட்கார்ந்தபடியே இருந்தாள். என்னை மரியாதையோடு பார்த்தாள். ரயில் போய்விட்டது.

அவளுடைய டிக்கெட் என் சட்டைப்பையில். விசா என்று நாங்கள் சொல்லும் வதிவிட அனுமதி அட்டையும் அதே பையில். யாராவது மறித்தால் காட்ட அவளிடம் ஒரு துண்டுக் கடதாசி கிடையாது. பிரெஞ்சில் ஒரு சொல் கிடையாது. ஆனால் கழுத்திலும் கையிலும் மூன்று வீட்டு நகை. அடுத்த நிலையம் ஆன்வேர். அதற்கடுத்தது பிகால். பகலிலும் சிவப்பு விளக்கு எரிகிற, ஊருக்குக் கடிதம் எழுதும்போது நாங்கள் பெயரைக்கூடக் குறிப்பிடாத பிகால். ஒரு கலியாணப் பொம்பிளையை, தாலி ஏறுவதற்கு முன்னால், நான் பிகாலுக்கு அனுப்பிவைத்திருக்கிறேன்! சிவநேசண்ணையின் வலது கை என் கண்முன் வந்து நின்றது.

மூளை உள்ள யாரும் அடுத்த நிலையத்தில் இறங்கி நிற்பார்கள் என்று யோசித்தேன். காலையில் இல்லையென்று தீர்ப்பெழுதிய அதே மூளை அவளுக்கு இருக்கவேண்டுமென்று நல்லூர்க் கந்தனை மன்றாடியபடி அடுத்த ரயிலில் பாய்ந்தேன். ஆன்வேரில் இறங்கி மேடை முழுக்க ஓடினேன். இல்லை. மறுபடி ரயில். பிகாலில் இறங்கினேன். இல்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது. மேடையில் ஆட்கள் உட்காரும் வாங்குகளுக்குக் கீழேகூடக் குனிந்து பார்த்தேன் (கூறைச் சேலை கட்டிய ஒருத்தி வாங்குக்குக் கீழே ஏன் படுத்திருக்கப்போகிறாள் என்று புரொபசர் யோசிக்கவில்லை).

அந்தக் கோலத்தில்தான் டிக்கெட் பரிசோதகர்கள் இரண்டு பேர் என்னைப் பிடித்தார்கள். பையிலிருந்ததை எடுத்து நீட்டினேன். இரண்டு டிக்கெட், இரண்டு விசா. ஒன்றில் ஒரு பெண்ணின் படம்.

“இது யார்?” என்று பிரெஞ்சில் கேட்டார் மூத்தவர்.

“மணப்பெண்.”

“எங்கே?”

“தொலைந்துவிட்டது.”

“உங்களுடைய மணப்பெண்ணா?”

“இல்லை. வேறொருவருடையது.”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முடிந்தது கதை என்று நினைத்தேன். பொலிஸ், விலங்கு, கொழும்புக்கு விமானம். அதுகூடப் பரவாயில்லை, அங்கே சிவநேசண்ணை இருக்கமாட்டார் என்றும் ஒரு நினைப்பு ஓடியது. நான் அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னேன்.

“அந்தப் பெண்ணுக்குத் தானாக இறங்கத் தெரியாதா?” என்றார் மூத்தவர்.

“தெரியும். ஆனால் நான் சொன்னால்தான் இறங்கவேண்டும் என்று...” என்று தொடங்கியவன் அப்படியே நின்றுவிட்டேன். பார்பெஸில் நான் எல்லாம் சொன்னேன். ‘இறங்குங்கோ’ என்று மட்டும் சொல்லவில்லை.

அவர் தலையில் கைவைத்தார். பிறகு எதிர்மேடையைக் காட்டினார். “கடைசி நிலையத்தில் ரயில் வளைந்து திரும்பிவிடும். இறங்காதவர் அந்தப் பக்கமாகத்தான் வருவார். ஓடு!”

அத்தனை நிலையங்களையும் மனப்பாடம் செய்த எனக்கு ரயில் வளைந்து திரும்பும் என்பது தெரியாது. எதிர்மேடைக்கு ஓடினேன். ஒரு ரயில் வந்தது, இல்லை. இன்னொன்று, அதிலும் இல்லை. யாராவது அவளைப் பிடித்து இறக்கியிருப்பார்களோ? மூன்றாவது ரயிலின் ஜன்னலில் சிவப்புத் தெரிந்தது. அதே இருக்கை, அதே முகம்.

“தங்கச்சி! இறங்குங்கோ!”

நான் போட்ட சத்தத்தில் பிகால் முழுக்கத் திரும்பிப் பார்த்திருக்கும். வசந்தி எழுந்தாள், சேலையின் கொய்யக மடிப்பைச் சரிசெய்தாள், இறங்கினாள்.

“ஓம் அண்ணை.”

கடைசி நிலையத்தில் யாரும் ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டேன்.

“ஒராள் வந்து ஏதோ சொன்னவர். நான் ஓம் எண்டன். அவர் போயிட்டார்.”

விசாவையும் டிக்கெட்டையும் அவள் கையிலேயே கொடுத்துவிட்டேன். மெறியை நாங்கள் அடைந்தபோது அடுத்த சோடி எழுந்து நின்றுவிட்டது. சிவநேசண்ணை வாசலில் நின்றார். பேசவில்லை, பார்த்தார். வசந்திதான் வாய் திறந்தாள்.

“அண்ணை என்னை மெத்ரோவிலை ஏத்திப் பாரிஸ் சுத்திக் காட்டினவர்.”

“கலியாண நாளிலையோ?” என்றார் சிவநேசண்ணை. அதற்குள் உள்ளே பெயரைக் கூப்பிட்டார்கள். நான் பிழைத்தேன். அன்று மத்தியானம் சாப்பாட்டுப் பந்தி வரைக்கும் மட்டும். எல்லோரும் இருக்கும்போது, எனக்குப் பாயசம் ஊற்றியபடி, புதுப்பொம்பிளை கேட்டாள்: “அண்ணை, நான் வரேக்கை ஏன் அழுதுகொண்டு நிண்டனீங்கள்?”

இப்போது அவர்கள் பாரிசுக்கு வெளியே எபினே-சூர்-செய்னில் இருக்கிறார்கள். அவர்களுடைய காரில் நானும் போனால், போய்ச் சேர்ந்த பிறகு பிள்ளைகள் யாரும் அசையமாட்டார்கள். “மாமா இன்னும் சொல்லவில்லை” என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டுக் கைகட்டி உட்கார்ந்திருப்பார்கள். நான் “இறங்குங்கோ” என்றால்தான் கதவு திறக்கும். சிவநேசண்ணையும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்.

போன வருஷம் ஒருநாள் வசந்தியிடம் கேட்டேன், அன்றைக்குத் தனியாக அந்த ரயிலில் கொஞ்சமாவது பயப்படவில்லையா என்று.

“நான் ஏன் அண்ணை பயப்பிடுவான்? கெட்டிக்காரன் எண்டு சொல்லித்தானே உங்களோடை விட்டவை. எல்லாம் தெரிஞ்சுதான் செய்யிறியள் எண்டு இருந்தன்” என்றாள். தேத்தண்ணியை என் கையில் தந்துவிட்டு இன்னொன்றும் சொன்னாள்: “நீங்கள் மொக்கன் எண்டு அண்டைக்கே தெரிஞ்சிருந்தால், நான் பயத்திலை அங்கையே செத்திருப்பன்.”