மாப்பிள்ளையின் காரும் மைத்துனரின் திருப்புளியும்

அசையாததை அசைப்பவனும் அசைவதை நிறுத்துபவனுமாகிய ஆண்டவன் திருவருள் முன்நிற்க.

அன்பும் பண்பும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதுவது. இங்கு யாவரும் நலம். சென்ற வியாழனன்று இவ்வரியை என்னால் எழுதியிருக்க முடியாது. தங்களுக்கு மகள் பிறந்த செய்தியைத் தொலைபேசியில் அறிவீர்கள். அவள் தாய் மருத்துவமனையை அடைந்த வரலாற்றை மட்டும், கப்பலில் இருப்பவர் கலங்குவார் என்று தங்கள் மாமியார் மறைத்துவிட்டாள். தாயும் சேயும் வீடு திரும்பிவிட்டபடியால் இனியும் மறைப்பது பாவம்.

தாங்கள் புறப்படுகையில், "வலி வந்தா நம்ம கார்லயே கூட்டிட்டுப் போங்க மாமா" என்று சாவியைத் தந்தீர்கள் அல்லவா, அதனை வேதவாக்காக ஏற்று, அச்சாவி தனித்துக் கிடக்கலாகாது என்று என் சாவிக்கொத்திலேயே, பூசைமணிக்கு அருகில் கோத்துக்கொண்டு, மூன்று மாதமாக நாள்தோறும் வழிபாடு முடிந்ததும் காரைக் கிளப்பிக் கடைத்தெரு வரை சென்று மீண்டேன். வியாழன் காலை சாவியைத் திருப்பினால் விளக்கு எரிகிறது, வைப்பர் ஆடுகிறது, எஞ்சின் மட்டும் மௌன விரதம். அன்று பார்த்து வாடகைக் கார்கள் வேலைநிறுத்தம். தங்கள் மனைவியோ இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் நேரம் இருக்குப்பா, பதறாதீங்க" என்றாள். எனக்குப் பதற்றம் பிறந்ததே அச்சொல்லில்தான். பட்டறைக்காரரை அழைத்தேன். இக்னிஷன் சுவிட்ச் போய்விட்டது, தாம் வர மாலையாகும், தெரிந்தவர் இருந்தால் புதிதாக வாங்கி மாட்ட அரை மணி நேரமே ஆகும் என்றார். தெரிந்தவர் யாருமில்லை, தங்கள் மாமியாரின் தம்பி இருந்தார். நாற்பதாண்டு கைக்கடிகாரம் பழுதுபார்த்த அம்மைத்துனர், புதிய சுவிட்சுடனும் கண்ணில் பூதக்கண்ணாடியுடனும் வந்திறங்கினார்.

முறைப்படி பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, ஸ்டீயரிங்கின் கீழ்மூடியைத் திறந்து, திருகாணி ஒவ்வொன்றையும் என் உள்ளங்கையில் வைத்து, "கையை ஆட்டாதீங்க அத்தான்" என்று ஆணையிட்டார். நான் சிலைபோல் நின்று துதிப்பாடல்களை ஓதினேன். பதினோராவது பாடலில் மூக்கு அரித்தது. ஒரு திருகாணி இருக்கைக்கு அடியில் உருண்டது. மாமியார் துடைப்பத்தால் அதனை மீட்பதற்குள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வந்த வலி ஏழு நிமிடத்துக்கு ஒருமுறையாயிற்று. ஒருவழியாகப் புதியதை மாட்டிச் சாவியைத் திருப்பினால், முன்பு எரிந்த விளக்கும் எரியவில்லை, ஹாரனுக்கும் குரலில்லை. கடைக்காரர் மட்டச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டார் என்றார் மைத்துனர். கடிகாரமும் காரும் ஒன்றா என்றேன் நான். இரண்டு பேரையும் நம்பினேனே என்றாள் மாமியார். பானெட்டின் மேல் நெற்றியை வைத்துவிட்டேன். அப்போது வாசற்படியில், தோளில் பையுடன் நின்ற தங்கள் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்: "அப்பா, கழட்டின பேட்டரி வயரை யாராவது மாட்டினீங்களா?"

மாட்டினோம். எஞ்சின் உறுமியது, அதனினும் இனிய நாதத்தை நான் எந்தச் சன்னிதியிலும் கேட்டதில்லை. மூடியை மாட்டவும் பொழுதின்றி, அதை மைத்துனர் மடியில் ஏந்திவர, விரைந்தோம். உள்ளே சென்ற முப்பத்தைந்தாம் நிமிடம் தங்கள் மகள் அழுதாள். வெளியே நானும் மைத்துனரும் அழுதோம்.

ஒன்று மட்டும் மனம்விட்டுச் சொல்கிறேன். சுவிட்ச் ஒரே நாளில் கெடுவதன்று. இளமை வேகத்தில் தாங்கள் சாவியை முறுக்கிய முறுக்கே காரணம் என்பது என் துணிபு. இனியேனும் தாங்கள் பூவைத் தொடுவதுபோல் தொடவேண்டுகிறேன்.

தங்கள் கப்பலும் எங்கள் தொட்டிலும் ஒரே கருணையில் ஆடுக. தங்கள் குலமும் இல்லமும் குறைவின்றி விளங்குக.

இங்ஙனம்,
தங்கள் மாமனார்

பின்குறிப்பு: இதனை உறையிலிடும் வேளையில் மூடியை மாட்டப் பட்டறைக்காரர் வந்தார். சாவிக்கொத்தைக் கையில் தூக்கிப் பார்த்து, "பெரியவரே, இது சாவியா நங்கூரமா?" என்றார். பூசைமணி, அலமாரிச் சாவிகள் ஐந்து, ஏட்டுப்பெட்டியின் பூட்டு ஆகிய இத்தனை பாரமும் தொங்கித் தொங்கியே சுவிட்ச் தேய்ந்ததாம். ஆகவே மேலே குற்றம் கூறிய பத்தியில் "தாங்கள்" என்றுள்ள இடமெல்லாம் "நான்" என்று வாசித்துக்கொள்ளவும். மணியைக் கழற்றித் தொட்டிலில் கட்டிவிட்டேன். அங்கே அது எதையும் கெடுக்காது. தூக்கத்தைத் தவிர, என்கிறாள் தங்கள் மனைவி.