செத்தவீட்டுக்கு வைத்த கௌபிக் கறி

துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் ஏதாவது உளறிவிட்டு வந்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். துக்கம் விசாரிக்கப் புறப்பட்டு, போய்ச் சேருவதற்கு முன்பே மூன்று தீயணைப்பு வண்டிகளை வரவழைத்தவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

ஸ்காபரோவில் நாங்கள் இருப்பது பன்னிரண்டாம் மாடியில். எதிர்க் கதவு பிஸியுடையது. நைஜீரியப் பெண்மணி, ஐம்பதை நெருங்கும் வயது, தனியாள். நாங்கள் குடிவந்த முதல் வாரம் எலிவேற்றருக்குள் என்னைப் பார்த்துச் சிரித்து, "ஐ ஆம் பிஸி" என்றார். நான் மன்னிப்புக் கேட்டு, பிறகு கதைக்கிறேன் என்று சொல்லி, அடுத்து வந்த ஐந்தாம் மாடியிலேயே இறங்கிவிட்டேன். (மிச்சம் ஏழு மாடியும் படியால் ஏறினேன். அது அவருடைய பெயர் என்று விளங்க மூன்று மாதம் எடுத்தது.)

அப்பா யாழ்ப்பாணத்தில் இறந்தபோது என் அகதி வழக்கு முடிந்திருக்கவில்லை. போக வழியில்லை. தம்பி ஃபோனில் காட்ட, குசினி மேசையில் இருந்தபடி கடைசிக் காரியங்களைப் பார்த்தேன். முடிந்து கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. வெளியே பிஸி. நான் அழுதது கதவு தாண்டிக் கேட்டிருக்கிறது. கையில் ஒரு சட்டி. அதற்குள் சிவப்புப் பாம் எண்ணெயில் வைத்த கௌபிக் கறி, அதாவது தட்டைப்பயற்றுக் கறி. "சாப்பிடு" என்றார். அன்று முழுக்கப் பட்டினி கிடந்த நான் பாண் துண்டுகளைத் தோய்த்துத் தோய்த்து அந்தச் சட்டியை வழித்துத் துடைத்தேன்.

மூன்று வருடம் கழித்து, ஒரு பெப்ரவரியில், பிஸியின் தாய் இறந்துபோனார். இப்போது பிஸியின் விசா ஏதோ ஒரு குடிவரவுக் கந்தோர் மேசையில் கிடந்தது. அவராலும் போக முடியவில்லை. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அடக்கம், தன் தம்பி வீடியோவில் காட்டுவான் என்று சொன்னார். அடக்கம் முடிந்து அவர் ஃபோனைக் கீழே வைக்கும்போது நான் சட்டியோடு கதவடியில் நிற்க வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

அந்தச் சனிக்கிழமை என் மனைவி வதனி முதியோர் இல்லமொன்றில் காலை வேலையில் நின்றாள். இடைவேளையில் அழைத்தவளிடம் விசயத்தைச் சொன்னேன்.

"கௌபியை இரவே ஊறப் போட்டனீங்களோ?"

"கடையில ரின்னில அடைச்சு, அவிச்சதே விக்குது. இருபது நிமிசத்தில செய்யிற முறை வீடியோவில பாத்தனான்."

"இஞ்சாருங்கோ, ஒரு பூங்கொத்து வாங்கிக் குடுங்கோவன்."

"நீர் பேசாமல் வேலையைப் பாரும்."

வீடியோவில் வந்த பெண் இரண்டு மிளகாய் போதும் என்றாள். அந்த மிளகாய்கள் பார்க்கச் சின்னத் தக்காளிபோலக் குண்டாக, செம்மஞ்சளாக, குழந்தை முகத்தோடு இருந்தன. உறைப்புப் பற்றி யாழ்ப்பாணத்தானுக்கு வகுப்பு எடுக்கிறாளா இவள் என்று ஒரு ரோசம் வந்தது. ஆறு மிளகாயை வெங்காயத்தோடும் குடைமிளகாயோடும் அரைத்தேன். பாம் எண்ணெயை நன்றாகச் சூடாக்கச் சொல்லியிருந்தாள். எவ்வளவு நன்றாக என்று சொல்லவில்லை. எண்ணெய் நீலமாகப் புகைக்கத் தொடங்கியபோது அரைத்ததை அப்படியே கவிழ்த்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சமையல் என்று சொல்ல முடியாது. சட்டி சீறியது. எழும்பிய புகை கண்ணுக்குள்ளும் தொண்டைக்குள்ளும் இறங்கியது. நான் இருமி, தும்மி, அழுது, குருடன்போல அடுப்பைத் தடவி நிறுத்தினேன். யன்னல் ஒரு சாணுக்கு மேல் திறக்காது. காற்று வேண்டும் என்று வெளிக்கதவை அகலத் திறந்தேன்.

(உங்கள் வீட்டுப் புகை உங்கள் வீட்டுக்குள் இருக்கும்வரை அது உங்கள் பிரச்சினை மட்டும்தான். நடைபாதைக்குப் போனால் பதினெட்டு மாடிக்கும் மணி அடிக்கும். இதைக் குடிவந்த அன்றே சொன்னார்களாம்.)

மணி அடித்தது. எலிவேற்றர்கள் நின்றன. கதவுகள் திறந்தன. எதிர்க் கதவால், கறுப்பு உடுப்பில், காலில் வீட்டுச் செருப்போடு, ஃபோனை முகத்துக்கு நேரே பிடித்தபடி பிஸி வந்தார். பின்னால் அவருடைய தேவாலயச் சிநேகிதிகள் இரண்டு பேர். ஃபோனுக்குள் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். அவர் என்னைக் கவனிக்கவில்லை. ஃபோனைப் பார்த்தபடியே பன்னிரண்டு மாடிப் படிகளையும் இறங்கினார். நான் பின்னால் இறங்கினேன், இருமிக்கொண்டு.

வெளியே மூச்சு உறையும் குளிர். கார்த் தரிப்பிடம் முழுக்க இரவுடுப்போடு சனம், நடுவில் மூன்று தீயணைப்பு வண்டிகள். அப்போதுதான் பார்த்தேன், என் வலக்கையில் அகப்பை, இடக்கையில் சூட்டுச் சட்டி தூக்கும் தடித்த கையுறை. அதில் ஒரு சேவல் படம்.

பிஸியின் விரல்கள் குளிரில் விறைத்து ஃபோன் வழுக்கியது. ஓடிப்போய், "தாருங்கோ, நான் பிடிக்கிறன்" என்றேன். பதற்றத்தில் தமிழில்தான் சொன்னேன். அவருக்கு விளங்கியது. ஃபோனைத் தந்துவிட்டு இரண்டு கைகளையும் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டார். சேவல் கையுறையால் அவருடைய தாயின் அடக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். செம்மண், வெள்ளை உடுப்புகள், கயிறுகள். பெட்டி மெல்லக் குழிக்குள் இறங்கத் தொடங்கியது.

அந்த நேரம் ஃபோன் நின்றுவிட்டது. குளிரில் பற்றரி செத்துப்போனது.

பிஸி கறுத்துப்போன ஃபோன் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு சிநேகிதி அவருடைய தோளைப் பிடித்தாள். நான் ஃபோனைச் சட்டைக்குள் வைத்துச் சூடாக்கினேன், ஊதினேன், பொத்தானை அமத்தி அமத்திப் பார்த்தேன். வரவில்லை.

கண்ணைத் துடைத்தபடி ஒரு தீயணைப்பு வீரர் வெளியே வந்தார். "நெருப்பு இல்லை, மிளகாய்தான்!" என்று கத்தினார். "பன்னிரண்டாம் மாடியில் யார் சமைத்தது?"

சனம் முழுக்க என் அகப்பையைப் பார்த்தது. பிஸியும் பார்த்தார். ஃபோனை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அவர் மேலே போய்த் தம்பியை அழைத்தபோது, மண் போட்டு முடிந்திருந்தது.

மத்தியானம் அவருடைய கதவைத் தட்டினேன். என்ன சொல்வதென்று இரண்டு மணித்தியாலம் ஆங்கிலத்தில் எழுதிப் பாடமாக்கியிருந்தேன். கதவு திறந்ததும் எல்லாம் மறந்துபோய், "உங்களுக்காகத்தான் சமைத்தேன். நீங்கள் எனக்குத் தந்த கறி" என்று மட்டும் வந்தது.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். முகம் வீங்கியிருந்தது.

"எத்தனை மிளகாய்?"

"ஆறு."

"ஆறா?" வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. பிறகு என் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்து, சிநேகிதிகள் கொண்டுவந்த சோற்றில் ஒரு கோப்பை நிறையப் போட்டுத் தந்தார். துக்க வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோக நினைத்தவன் துக்க வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

இப்போது எங்களுக்குத் தெரிந்த எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் வதனி முதலில் கேட்பது, "இவர் அடுப்படிக்குள்ள போகேல்லைத்தானே?" என்றுதான். கொண்டாட்டங்களில் யாராவது கிண்டினால் பிஸியே எழும்பி நின்று கதையைச் சொல்வார். மிளகாய், புகை, அகப்பை, சேவல் கையுறை எல்லாம் நடித்துக் காட்டுவார். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். கையுறையால் நான் ஃபோனைத் தூக்கிப் பிடித்த இடத்தோடு அவர் கதையை நிறுத்திவிடுவார். அதற்குப் பிறகு என்ன நடந்ததென்று ஒருவரும் கேட்பதில்லை. பிஸி உட்கார்ந்து தண்ணீர் குடிப்பார். நான் எல்லாரோடும் சேர்ந்து கை தட்டுவேன்.